தண்ணீர்த்துறையில் வேங்கையார் சிலை

ஒரு காட்டில் ஒரு புலி இருந்தது. இருந்தது என்றுதான் சொன்னேன், கவனித்தீர்களா? கதை தொடங்குவதற்கு முன்னாலேயே அது செத்துவிட்டது. உயிரோடு இருக்கிற புலியால் என்ன தொல்லை வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அதைச் சொல்ல நான் எதற்கு? செத்த புலியால் வந்த தொல்லையைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்தப் புலிக்கு வேங்கையார் என்று பேர். ஒரு கோடையில் மரம் வெட்டுகிற ஆட்கள் ரம்பமும் லாரியுமாகக் காட்டுக்குள் வந்தார்கள். மேற்குச் சரிவில் பாதி மரம் சாய்ந்துவிட்டது. யானைக்கூட்டமே பயந்து மலை தாண்டிப் போய்விட்டது. வேங்கையார் மட்டும் போய் லாரிக்கு எதிரே நின்று ஒரு உறுமல் உறுமினார். வந்தவர்கள் லாரியை விட்டார்கள், ரம்பத்தை விட்டார்கள், காலில் கிடந்த செருப்பையும் விட்டுவிட்டு ஓடினார்கள். அப்புறம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அந்தக் காட்டில் இன்றைக்கு நிழல் இருக்கிறது என்றால் அவரால்தான். இது பொய்யில்லை.

அதே வேங்கையார் மான் தின்றார். அதுவும் பொய்யில்லை. புலி மானைத் தின்னாமல் புல்லையா தின்னும் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கலாம். ஆனால் இவர் பசித்தாலும் அடிப்பார், பசிக்காவிட்டாலும் அடித்துப் போட்டுவிட்டுப் போவார். தண்ணீர் குடிக்கக் குனிந்த கழுத்தாகப் பார்த்துத்தான் பிடிப்பார். சினைமான், பால்குடிக் குட்டி என்ற பேதம் அவரிடம் கிடையாது. தெற்கு ஓரத்து மான்களில் வீட்டுக்கு ஒரு ஆள் அவர் வயிற்றுக்குள் போயிருக்கிறது.

ஆக, புலி ஒன்றுதான். வடக்கே போய்க் கேட்டால் சாமி என்பார்கள், தெற்கே போய்க் கேட்டால் எமன் என்பார்கள். ரெண்டு பேர் சொல்வதும் உண்மை. இப்படி ஒரு ஆளைப் பற்றி ரெண்டு உண்மை இருந்தால் அந்த ஊரில் சிலை வந்தே தீரும்.

கடைசியில் அவர் முள்ளம்பன்றியிடம் வம்புக்குப் போய், பாதத்தில் முள் ஏறி, சீழ் பிடித்துச் செத்தார். அதற்கு வீரமரணம் என்று பேர் வைத்தார்கள். முள்ளம்பன்றியும் நமக்கெதற்கு என்று வாயை மூடிக்கொண்டது.

அவர் சாவுக்கு விழுந்து விழுந்து அழுதது மிச்சாண்டி என்கிற நரி. வேங்கையார் தின்று போட்ட மிச்சத்தில் வளர்ந்த குடும்பம் அது, அதனால் அந்தப் பேர். அழுதது வேஷமில்லை. சோறு போட்டவர் செத்தால் யாருக்குத்தான் அழுகை வராது? ஆனால் கண்ணைத் துடைக்கும்போது நரிக்கு ஒரு யோசனையும் வந்தது. இருந்தபோதே இவ்வளவு மிச்சம் வைத்தவர், போன பிறகு ஒன்றும் வைக்காமலா போயிருப்பார்?

உடனே கூட்டம் கூட்டியது.

காட்டுக்குத் தலைவர் மந்தையப்பர் என்கிற காட்டெருமை. நல்ல மனசு. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் உட்கார்ந்து அசைபோட்டு முடித்த பிறகுதான் பதில் சொல்வார். அவர் முடிப்பதற்குள் கேட்டவர் பசி எடுத்துக் கிளம்பிப் போய்விடுவார். இப்படியே யாரிடமும் கெட்ட பேர் வாங்காமல் வெகுகாலம் ஆண்டுவிட்டார்.

“தலைவருக்குச் சிலை வைக்கணும்,” என்றது மிச்சாண்டி.

“வைக்கணும், வைக்கணும்,” என்றன வடக்குப் பக்கத்துக் குரங்குகள்.

“எந்த இடத்துல?” என்றார் மந்தையப்பர்.

“தண்ணீர்த்துறையில. தலைவர் முகத்தைப் பார்க்காம இந்தக் காட்டுல யாரும் ஒரு வாய் தண்ணி குடிக்கக் கூடாது.”

இந்த இடத்தில் அந்தத் துறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோடை வந்தால் அந்தக் காட்டில் வற்றாத மடு ஒன்றே ஒன்றுதான். மூன்று பக்கம் பாறை. ஒரு பக்கம் மட்டும் மண்சரிவு. அந்தச் சரிவுக்குத்தான் துறை என்று பேர். குரங்கு பாறையைப் பிடித்து இறங்கிவிடும், நரி தாவி இறங்கிவிடும். மானுக்கு அது ஆகாது, குளம்பு வழுக்கும். மான் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் அந்தச் சரிவை விட்டால் வேறு வழி இல்லை.

கூட்டத்தின் ஓரத்தில் புள்ளியம்மா என்கிற மான் நின்றுகொண்டிருந்தது. அதன் காலடியில் குட்டி. சின்னான் என்று பேர். பாலை மறந்து தண்ணீருக்குப் பழகிக்கொண்டிருந்த வயசு. இவனுக்கு முன்னால் புள்ளியம்மாவுக்கு இன்னொரு குட்டி இருந்தது. அதை வேங்கையார் பிடித்தது அந்தத் துறையில்தான்.

“அய்யா, நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?” என்றது புள்ளியம்மா. “சிலை வைங்க, நான் வேண்டாங்கல. மலை உச்சியில வைங்க. நல்லா உசரமா தெரியும். துறையில மட்டும் வேணாம். என் பிள்ளை தண்ணி குடிக்கணும்.”

“குடிக்கட்டுமே தங்கச்சி. மண்ணுல செஞ்ச புலி எந்திரிச்சு வந்து கடிக்கப்போகுதா?” என்றது மிச்சாண்டி.

“கடிக்காதுன்னு எனக்குத் தெரியுதுண்ணே. என் காலுக்குத் தெரியாதே. வரியும் வாலும் கண்ணுல பட்டா என் காலு என்னைக் கேட்டுக்கிட்டா ஓடுது?”

“பழசையே நினைச்சுக்கிட்டிருந்தா காடு எப்பத்தான் முன்னேறுறது?”

“பழசுக்குத்தானேண்ணே நீங்க சிலை கேக்குறீங்க?”

குரங்குகள் சிரித்துவிட்டன. தாங்கள் யார் பக்கம் என்று நினைவு வந்ததும் நிறுத்திக்கொண்டன. மிச்சாண்டியின் முகம் சுருங்கியது.

“நீ நிக்கிறியே, இந்த நிழல் யாரு குடுத்தது?”

“அவரு குடுத்ததுதான். இந்த நிழல்ல நிக்க என் அம்மா இல்ல. அதுவும் அவரு செஞ்சதுதான்.”

“ரெண்டையும் வச்சுக் கூட்டிக் கழிச்சுப் பாரும்மா.”

“என் அம்மாவை எந்தக் கிளை நிழல்ல கழிக்கணும்? அதையும் நீங்களே காட்டிருங்க.”

அப்போது மான்கூட்டத்திலிருந்து கிளைக்கொம்பன் முன்னால் வந்தது. மான்களுக்கெல்லாம் அதுதான் தலைவர். நல்ல கொம்பு, அதைவிட நல்ல குரல்.

“எங்கள் ரத்தம் சிந்திய துறையில் கொலைகாரனுக்குச் சிலையா? என் கொம்பு இருக்கும்வரை நடக்காது,” என்று முழங்கியது.

மான்கள் எல்லாம் காலைத் தட்டி ஆரவாரித்தன. புள்ளியம்மாவுக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. மிச்சாண்டி மெல்ல நகர்ந்து போய்க் கிளைக்கொம்பனின் காதுக்குள் என்னமோ சொன்னது. கிளைக்கொம்பன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டது. பிறகு திரும்பவும் முழங்கியது.

“புலிக்கு மட்டும் சிலையா? மானுக்கு ஏன் இல்லை? அதே பீடத்தில் மானும் நிற்க வேண்டும். அதுவரை ஓயமாட்டோம்.”

மான்கள் அதற்கும் காலைத் தட்டின. தட்டிப் பழகிய கால்.

மந்தையப்பர் அசைபோட்டு முடித்தார். ரெண்டு கட்சியும் ஒத்துப்போன விஷயம் என்பதால் அன்றைக்குச் சீக்கிரமே முடிந்துவிட்டது. “துறையிலயே வைங்க. புலியும் மானும் ஒரே பீடத்துல இருக்கட்டும். ஒருத்தருக்கொருத்தர் இடைவெளியே தெரியக் கூடாது. நெருக்கமா, ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கணும். பார்க்கிறவனுக்கு ஒற்றுமைன்னா என்னன்னு புரியணும்,” என்றார்.

எல்லாரும் கைதட்டினார்கள். கை இல்லாதவர்கள் வாலைத் தட்டினார்கள்.

“நான் தண்ணிக்கு வழி கேட்டேன். நீங்க பீடத்துல இடம் வாங்கிட்டு வந்திருக்கீங்க,” என்றது புள்ளியம்மா.

“பொறுமையா இரும்மா. முதல்ல அங்கீகாரம். தண்ணியெல்லாம் பின்னாடி வரும்,” என்றது கிளைக்கொம்பன். எந்தப் பக்கம் திரும்பி நின்றால் கொம்பு எடுப்பாகத் தெரியும் என்று பார்க்க அது மடுவை நோக்கிப் போய்விட்டது.

சிலைவேலை கரையான்களிடம் போனது. மண்வேலையில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு சின்னக் குறை, அவர்களுக்குக் கண் கிடையாது. கரையான் மேஸ்திரி அதைக் குறையாகவே நினைக்கவில்லை.

“தலைவர் செத்துக் கிடந்தப்ப அவரு உடம்புல ஏறி இறங்கினது நாங்கதாங்க. காது நுனியிலேர்ந்து வால் நுனி வரைக்கும் எங்களுக்கு அத்துப்படி,” என்றார் மேஸ்திரி. சொன்னது போலவே செய்தார். கருமண்ணையும் செம்மண்ணையும் மாற்றி மாற்றி வைத்து வரி போட்டார். எது கருமண் எது செம்மண் என்று நக்கிப் பார்த்துத்தான் வைப்பார்.

புலி முதலில் எழும்பியது. துறையின் நடுவில், மடுவைப் பார்த்தபடி, வாயை லேசாகத் திறந்துகொண்டு.

அன்றைக்குப் புள்ளியம்மா சின்னானைக் கூட்டிக்கொண்டு வந்தது. சரிவின் மேலேயே சின்னான் நின்றுவிட்டான்.

“அம்மா, அது யாரு?”

“யாரும் இல்லடா. மண்ணு.”

“மண்ணுக்கு எதுக்குமா பல்லு?”

“நீ அதைப் பார்க்காத. தண்ணியைப் பாரு. வா.”

சின்னான் தண்ணீரைத்தான் பார்த்தான். தண்ணீருக்குள்ளும் புலிதான் நின்றது. அவ்வளவுதான், பையன் புதருக்குள் பாய்ந்துவிட்டான். வா என்று கூப்பிட்ட புள்ளியம்மாவும் அடுத்த நொடி அவன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. நின்று மூச்சு வாங்கும்போதுதான் தானும் ஓடி வந்திருக்கிறோம் என்பது அதற்குத் தெரிந்தது.

மறுபடியும் கூட்டிப் போனது. மறுபடியும் ஓடி வந்தார்கள். விடியற்காலையில் இலையில் நிற்கும் பனியை நக்க வைத்தது. கோடையில் பனி எவ்வளவு இருக்கும்? சின்னானின் மூக்கு காய்ந்து வெடித்தது. விளையாடுவதை விட்டுவிட்டான். கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்பினான்.

புள்ளியம்மா மேஸ்திரியிடம் போனது. “மேஸ்திரி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அது முகத்தையாவது அந்தப் பக்கமா திருப்பி வைங்களேன்.”

“எனக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஒண்ணுதாம்மா. ஆனா சொன்ன வேலையிலேர்ந்து மாத்தினா என் பேரு கெட்டுப்போயிடும். தலைவரைப் பாரு.”

தலைவரைப் பார்த்தது. மந்தையப்பர் கேட்டுக்கொண்டு அசைபோட உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த விதத்திலேயே இந்தக் கோடைக்குள் எழுந்திருக்க மாட்டார் என்று புள்ளியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

இதற்குள் மான்சிலைக்கு அளவெடுக்க வேண்டிய நாள் வந்தது. மாதிரிக்கு நான்தான் நிற்பேன் என்று கிளைக்கொம்பன் போய் நின்றது. வேறு யாரையும் பக்கத்தில் விடவில்லை. கொம்பை நிமிர்த்தி, நெஞ்சை விரித்து, தூரத்துப் பார்வை பார்த்து நின்றது. கரையான்கள் நாலு கால் வழியாகவும் ஏறினார்கள். வயிற்றுக்கு வரும்வரைக்கும் கிளைக்கொம்பன் பொறுத்துக்கொண்டது. அக்குளுக்கு வந்ததும் கூச்சம் தாங்கவில்லை. கழுத்தைப் பின்னால் மடக்கி, வாயைப் பிளந்து, முன்னங்கால் ரெண்டையும் உதறிக்கொண்டு துடித்தது.

“அசையாதீங்க, அளவு கிடைச்சிருச்சு,” என்றார் மேஸ்திரி.

அளவெடுத்த கையோடு, திறப்புவிழாவுக்கு முன்னால் சிலையை யாரும் பார்க்கக் கூடாது என்று தூக்கணாங்குருவிகளை விட்டுத் தேக்கிலையும் புல்லும் கொடியுமாக ஒரு பெரிய உறை பின்னி மூடினார்கள். விழா வரைக்கும் சரிவில் யாரும் இறங்காமல் நரிகள் காவல் நின்றன. விழாவுக்குக் காடே வந்தது. ஒரு குரங்கு, சுற்றுலா வந்தவர்கள் தொலைத்துவிட்டுப் போன கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துப் படம் பிடித்தது. அதில் சார்ஜ் தீர்ந்து வருஷக்கணக்கு ஆகியிருக்கும். ஆனாலும் யாரும் சிரிக்காமல் நிற்கவில்லை.

புள்ளியம்மா கடைசியில் நின்றது. சின்னானால் நிற்க முடியவில்லை, படுத்திருந்தான்.

மிச்சாண்டி பேசியது. கிளைக்கொம்பன் பேசியது. அவர் கருணை, இவர் பெருந்தன்மை, பகைவர் இருவர் ஒரே பீடத்தில். பேசி முடித்ததும் மந்தையப்பர் கொடியைக் கொம்பில் மாட்டி இழுத்தார். உறை விழுந்தது.

காட்டில் ஒரு பூச்சிகூடச் சத்தம் போடவில்லை.

வேங்கையார் நின்றார், வாயில் மானின் கழுத்து. கழுத்து பின்னால் மடங்கியிருந்தது. வாய் பிளந்திருந்தது. முன்னங்கால் ரெண்டும் அந்தரத்தில் உதறிக்கொண்டிருந்தன. அந்தத் துறையில் எல்லாரும் எத்தனையோ தடவை பார்த்த காட்சி, ஒரு மயிரிழை பிசகாமல்.

மேஸ்திரிக்கு அமைதி பிடிக்கவில்லை. “எப்படி இருக்குன்னு சொல்லுங்களேன். இடைவெளி இருக்கக் கூடாதுன்னீங்க. நடுவுல ஒரு எறும்பு நுழையட்டும், நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்.”

“எங்க அக்கா இப்படித்தான் போனா,” என்று ஒரு வயசான மான் அழ ஆரம்பித்தது.

“சதி,” என்று கத்தியது மிச்சாண்டி. “தலைவரை அசிங்கப்படுத்திட்டாங்க. இடிங்கப்பா அதை.”

“இதுல எது பொய்யின்னு சொல்லுங்கண்ணே,” என்றது புள்ளியம்மா.

“பொய்யின்னு யாரு சொன்னா? உண்மையைப் போய்ச் சிலையா வைப்பாங்களா? அதுவும் குழந்தைங்க வர்ற இடத்துல?”

வடக்குப் பக்கம் முழுக்க ‘இடி, இடி’ என்று எழுந்தது. தெற்குப் பக்கம் முழுக்க ‘தொட்டுப் பார், தொட்டுப் பார்’ என்று எழுந்தது. காலையில் சிலை வேண்டும் என்று வந்தவர்கள் இப்போது இடிக்கச் சொன்னார்கள். சிலை கூடாது என்று வந்தவர்கள் அதைக் காப்பாற்ற உயிரைக் கொடுப்போம் என்றார்கள். கட்சி மாறிய கூச்சம் ஒருத்தர் முகத்திலும் இல்லை. குரல்கூட மாறவில்லை.

“ஏம்பா, உனக்குமா இது வேணும்? நீ இப்படித் தொங்குறியே,” என்று மிச்சாண்டி கிளைக்கொம்பனை மடக்கப் பார்த்தது.

கிளைக்கொம்பன் சிலையை ஏற இறங்கப் பார்த்தது. “தொங்குறது இருக்கட்டும். கொம்பு நல்லா வந்திருக்கு. திறந்தே இருக்கட்டும்,” என்றது.

நரிகள் பல்லைக் காட்டின. மான்கள் கொம்பைத் தாழ்த்தின. மந்தையப்பருக்கு வியர்த்துவிட்டது. ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் பகை. “இது அவசரத்துல சொல்ற விஷயம் இல்ல. நான் அசைபோட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் இடிக்கவும் வேணாம், திறக்கவும் வேணாம். மூடி வைங்க,” என்றார்.

தூக்கணாங்குருவிகள் மறுபடியும் பின்னின. இந்தத் தடவை நன்றாக இறுக்கி, அடி முதல் உச்சி வரை. எல்லாரும் சண்டை போட்டுக்கொண்டே கலைந்து போனார்கள்.

துறையில் புள்ளியம்மாவும் சின்னானும் மட்டும் மிச்சம். சின்னான் தலையைத் தூக்கிப் பார்த்தான். வரி இல்லை, வால் இல்லை, பல் இல்லை. ஒரு பெரிய இலைக்குவியல். அவ்வளவுதான்.

“அம்மா, அது என்ன?”

“குப்பைமேடுடா,” என்றது புள்ளியம்மா.

பையன் எழுந்தான். ஒரு காலை வைத்தான், நின்றான், இன்னொரு காலை வைத்தான். இறங்கினான். மூக்கைத் தண்ணீரில் வைத்தவன் எடுக்கவே இல்லை. அவன் குடிக்கிற சத்தத்தைப் புள்ளியம்மா கேட்டுக்கொண்டே நின்றது. அதன் காலும் சும்மா நின்றது. அப்புறம்தான் அதற்கும் தாகம் நினைவு வந்தது.

அன்றைக்குப் புள்ளியம்மாவுக்கு ஒரு விஷயம் விளங்கியது. இடித்தால் மிச்சாண்டி வேறு ஒன்று கட்டும், திறந்த சிலையாக, இன்னும் பெரிதாக. இடிக்காமல் திறந்துவிட்டாலும் பல் தெரியும். ஆக, யாரும் ஜெயிக்கக் கூடாது. சண்டை இருக்கிறவரைதான் உறை இருக்கும். உறை இருக்கிறவரைதான் தண்ணீர்.

அதன் பிறகு நடந்த கூட்டம் எதையும் புள்ளியம்மா தவறவிட்டதில்லை. வடக்கே போகும். “நீங்க ரொம்ப மெதுவா கத்துறீங்கண்ணே, அவங்க நீங்க விட்டுக்குடுத்துட்டதா பேசிக்கிறாங்க,” என்று சொல்லும். தெற்கே வரும். “நரிங்க இன்னிக்கு இடிக்கப்போறாங்களாம். ராத்திரி முழுக்க நிக்க ஆள் இருக்கா?” என்று கேட்கும். ரெண்டு பக்கமும் புள்ளியம்மாவை நம்மவர் என்று நினைத்தார்கள்.

எல்லாரும் நினைக்கவில்லை. அக்காவுக்காக அழுத அந்த வயசான மான் ஒருநாள் வழிமறித்தது.

“உன் வேலை எனக்குத் தெரியும்டி. நீதான் திறக்கவிடாம பண்றே. நம்ம செத்தவங்களைப் பத்தி இந்தக் காடு ஒத்துக்கிட்ட ஒரே சாட்சி அதுதான். அதுவும் உள்ள கிடந்து புழுங்குது. உன் முதல் குட்டிக்குமா உனக்கு மனசு இல்ல?”

புள்ளியம்மாவின் காது துடித்தது.

“இருக்கு அத்தை. திறந்த அன்னிக்கு நான் வாயில தொங்கின மான் முகத்தைத்தான் பார்த்தேன். என் குட்டி முகமாத்தான் தெரிஞ்சுது. ஆனா அதுக்கு இப்பத் தாகம் இல்ல. இவனுக்கு இருக்கு.”

“இது நியாயமாடி?”

“இல்ல அத்தை,” என்றது புள்ளியம்மா. “தண்ணி குடிக்க வர்றீங்களா?”

அத்தை திட்டிக்கொண்டேதான் வந்தது. ஆனால் வயிறு நிறையக் குடித்தது.

அப்புறம் ஒரு கோடையில் பெரிய ஆபத்து வந்தது. ரெண்டு கட்சியும் சமாதானம் ஆகிவிட்டார்கள். சண்டை போட்டுச் சலித்துப்போய் மிச்சாண்டியும் கிளைக்கொம்பனும் தனியாக உட்கார்ந்து பேசி, கூட்டத்தில் வந்து ஒரே குரலில் சொன்னார்கள். பழைய சிலையை எடுத்துவிடுவது. துறையில் வேங்கையாருக்கு ஒரு சிலை, கிளைக்கொம்பனுக்கு ஒரு சிலை. தனித்தனிப் பீடம், திறந்தவெளி.

காடே பூரித்துப்போனது. மந்தையப்பரின் வாய் அசைவது நின்றது. அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை. ‘சரி’ என்று சொல்லப்போகிறார்.

“ரொம்ப சந்தோஷம் அய்யா,” என்று புள்ளியம்மா கும்பிட்டபடி எழுந்தது. “எனக்கு வயிறு குளிர்ந்துபோச்சு. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். எந்தச் சிலை உசரமா இருக்கும்?”

“ரெண்டும் ஒரே உசரம்,” என்றது மிச்சாண்டி.

“அதுதான் முறை,” என்றது கிளைக்கொம்பன்.

“ஆமா ஆமா, அதுதான் முறை,” என்றது புள்ளியம்மா. “கொம்பைச் சேர்த்தா, சேர்க்காமலா?”

மிச்சாண்டி கிளைக்கொம்பனின் கொம்பை அண்ணாந்து பார்த்தது.

“சேர்த்துத்தான். கொம்பும் உடம்புதானே,” என்றது மிச்சாண்டி.

“அது எப்படி? கொம்பைச் சேர்த்து அளந்தா என் தலை அவரு தாடைக்குக் கீழ போயிடுமே. மறுபடியும் அவரு வாய்க்கு நேரா நான் நிக்கணுமா?” என்றது கிளைக்கொம்பன்.

“சேர்க்காம அளந்தா உன் கொம்பு எங்க தலைவர் தலைக்கு மேல நிக்கும். அதுக்கா நாங்க இவ்வளவு பாடுபட்டோம்?”

“உங்க தலைவருக்குக் கொம்பு இல்லன்னா நான் என்ன பண்றது?”

“என்னடா சொன்னே?”

அவ்வளவுதான். அன்றைக்கு ஒரு நரிக்குக் காது கிழிந்தது, கிளைக்கொம்பனுக்கு ஒரு கிளை முறிந்தது. மந்தையப்பர் நிம்மதியாக உட்கார்ந்து மறுபடியும் அசைபோடத் தொடங்கினார். சாயங்காலம் மான்கள் எல்லாம் வரிசையாகத் துறைக்கு இறங்கி, நரிகளை வாயாரத் திட்டிக்கொண்டே தண்ணீர் குடித்தன.

உறை கிழியக் கிழியக் குருவிகள் புதிதாகப் பின்னின. வருஷாவருஷம் திறப்பதற்கு ஒரு போராட்டம், இடிப்பதற்கு ஒரு போராட்டம் நடந்தது. ரெண்டிலும் நல்ல கூட்டம். இந்தச் சண்டையில் சின்னான் வளர்ந்து ஆளாகிவிட்டான். வேளாவேளைக்குத் தண்ணீர் குடித்த உடம்பு இல்லையா, தோள் அகன்று, கொம்பு கிளைவிட்டு, கிளைக்கொம்பனையே தூக்கிச் சாப்பிடுகிற குரல். புலி என்றால் எப்படி இருக்கும் என்றுகூட அவனுக்கு இப்போது சரியாக நினைவில்லை.

அந்த வருஷக் கூட்டத்தில் முதன்முதலாகப் பேச எழுந்தான்.

“நம் முன்னோர் சிந்திய ரத்தத்தை இன்னும் எத்தனை காலம் இலையைப் போட்டு மூடி வைப்பது? உண்மையைக் கண்டு பயப்படுகிற கோழைகளா நாம்? உறையைக் கிழிப்போம். இன்றைக்கே,” என்றான்.

இளவட்ட மான்கள் காலைத் தட்டித் தூள் கிளப்பின. அதிசயம் என்னவென்றால், இளவட்ட நரிகளும் தட்டின. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாமே என்று அவர்களுக்கும் ஆசை. ரெண்டு பக்கமும் எழுந்து துறையைப் பார்த்து நடந்தார்கள். மந்தையப்பர் வாயைத் திறப்பதற்குள் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். சின்னான் முன்னால் போனான். அவன் பின்னால் அவனுடைய பெண்டாட்டி, அவள் காலோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி, பாலை மறந்து தண்ணீருக்குப் பழகிக்கொண்டிருந்த வயசு.

புள்ளியம்மாவுக்கு வயசாகிவிட்டது. ஓட முடியவில்லை. ஆனாலும் குறுக்கே போய், உறைக்கு முன்னால் நின்றது.

“நகரும்மா,” என்றான் சின்னான். “நீங்க பயந்தது போதும்.”

புள்ளியம்மா மகனை மேலும் கீழும் பார்த்தது. நிஜமாகவே பெருமையாகத்தான் இருந்தது.

“நல்லாப் பேசினேடா. எனக்கே ரத்தம் சூடாயிருச்சு. நான் எதுக்குடா மறிக்கப்போறேன், கிழிங்க,” என்று ஒதுங்கி வழிவிட்டது. “முதல் இழுப்பு யாரு இழுக்கறது, மானா நரியா? அதை மட்டும் சொல்லிட்டுக் கிழிங்க.”

சின்னான் திரும்பிப் பார்த்தான். இளவட்ட நரிகளின் தலைவன் ஏற்கெனவே கொடியில் வாயை வைத்திருந்தான்.

“வாயை எடுடா,” என்றான் சின்னான்.

“ஏன் எடுக்கணும்? உங்கப்பன் வீட்டுக் கொடியா?”

புள்ளியம்மா பேரக்குட்டியை மெல்லத் தலையால் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கியது. மேலே கொம்பு மோதுகிற சத்தம் கேட்டது. குட்டி மிரண்டு திரும்பிப் பார்த்தது.

“அது ஒண்ணும் இல்லடா, உங்கப்பன் சரித்திரம் பேசிக்கிட்டிருக்கான்,” என்றது புள்ளியம்மா. “நீ குடி. நிதானமா குடி.”

நீதி: சிலை விவகாரத்தில் நியாயம் எந்தப் பக்கம் என்று தயவுசெய்து யாரும் கண்டுபிடித்துவிட வேண்டாம், பிள்ளைகள் இன்னும் தண்ணீர் குடித்து முடிக்கவில்லை.